காதில் விழுந்த வசனம்

ஜூன் 6, வெள்ளி

இந்த டைரியின் முதல் பக்கம் பெயர், தொழில், ரத்த வகை கேட்கிறது. பெயர் அமலதாஸ். தொழில், திருச்சியிலிருந்து வரும் 'காவிரி முரசு' நாளிதழில் சினிமா விமர்சனம். ரத்த வகை ரெஜினாவுக்குத் தெரியும்.

டைரியைத் தந்ததும் ரெஜினாதான். என் விமர்சனத்திலிருந்து ஆசிரியர் வெட்டும் வரிகளை இத்தனை வருடமாக அவளிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "இனிமே இதுல எழுதுங்க, நான் பரீட்சப் பேப்பர் திருத்தணும்" என்று சொல்லிவிட்டாள். கணக்கு டீச்சர்.

இன்று பார்த்தது பேய்ப் படம், 'கதவைத் தாழிடு'. அரங்கமே அலறியது. பக்கத்து இருக்கையில் இருந்த 'தென்னகச் செய்தி' கலியபெருமாள் துள்ளிய துள்ளலில் அவருடைய பாப்கார்ன் முழுவதும் என் மடிக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரு தடவைகூடத் தூக்கிப்போடவில்லை. கதவு கிரீச்சிடவில்லை, நாய் ஊளையிடவில்லை, கொலுசு இல்லை. மௌனத்தை நம்பும் துணிச்சல் இந்த இளம் இயக்குநருக்கு இருக்கிறது. "தமிழ்ப் பேய்கள் முதன்முறையாக நாகரிகமாக நடந்துகொண்டிருக்கின்றன" என்று எழுதினேன். மூன்று நட்சத்திரம்.

ஜூன் 7, சனி

கலியபெருமாளின் தீர்ப்பு: "பேயைவிடப் பயங்கரம் பின்னணி இசை. போகிறவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டுபோகவும்." ஒன்றரை நட்சத்திரம்.

இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்த்தோம். ஒரே பாப்கார்னைக்கூடப் பகிர்ந்துகொண்டோம். தோள்வரை முடி வளர்த்தால் மட்டும் ரசனை வந்துவிடாது.

ஜூன் 9, திங்கள்

ரெஜினா குளிக்கப் போகும்போது, "மூணு விசில் வந்ததும் அடுப்ப நிறுத்துங்க" என்றாள். அடுக்களை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஒரு விசிலும் வரவில்லை. பருப்பு கரியாகிவிட்டது. குக்கரின் வெயிட்டில்தான் கோளாறு. பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதை ஊதியெல்லாம் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு" என்றார். அவருக்கு என்ன தெரியும். புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

நகைச்சுவைப் படம், 'மாப்பிள்ளைக்கு மாத்திரை'. சனங்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. ஒருவன் வாயைத் திறந்ததும் சிரிக்கிறார்கள், அவன் முடிப்பதற்குள் அடுத்தவன் திறக்கிறான், அதற்கும் சிரிக்கிறார்கள். மாமனார் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த இடத்தில் மட்டும் நான் சிரித்தேன். அப்போது அரங்கம் அமைதியாக இருந்தது.

என் தீர்ப்பு: "இன்றைய நடிகர்கள் வசனத்தை மென்று விழுங்குகிறார்கள். வழுக்கி விழுபவர் மட்டுமே தெளிவாகப் பேசியிருக்கிறார்." ஆசிரியர் திருவேங்கடம் இரண்டாவது வரியை வெட்டிவிட்டார். அதனால் இங்கே.

கலியபெருமாள் இதற்கு மூன்றரை கொடுத்திருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் புதுச் சாமியார் பிரசங்கம். இவருக்கும் நம் நடிகர்களின் வியாதிதான். ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே பேசுகிறார். தாடி வேறு உதட்டை மறைக்கிறது. பிரசங்கம் நன்றாக இருந்தது என்கிறாள் ரெஜினா. அவளுக்கு எல்லாச் சாமியாரும் நன்றாகத்தான் பேசுவார்கள்.

அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகுப் பால் குடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கத்துகிறாள் போலிருக்கிறது. வீட்டில் இப்போதெல்லாம் மென்மையாகத்தான் பேசுகிறாள். வயது மனிதர்களைக் கனியவைக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

இந்த வருடத்தின் முக்கியமான படத்தை இன்று பார்த்துவிட்டேன். குடும்பப் படம், பெயர் 'ஒரே கூரை'. பெயரைக் கேட்டதும் கொட்டாவியோடுதான் போனேன். அண்ணன், தம்பி, இரண்டு மருமகள், ஒரு வீடு, தினமும் சண்டை. இடைவேளையில் போண்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. தாய் சாகக் கிடக்கிறாள். நடித்தது மணப்பாறை சொர்ணம்மாள், பழைய நாடக நடிகை. திரை முழுக்க அவர் முகம். இசை இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு மகன்களும் வந்து நிற்கிறார்கள். இத்தனை வருடத் தமிழ் சினிமாவில் அந்த இடத்தில் எந்தத் தாயும் என்ன சொல்வாள் என்று குழந்தைக்கும் தெரியும். இந்தத் தாய் சொல்கிறாள், "பிரிச்சுக்குங்கய்யா, நல்லாருங்க." சொல்லிவிட்டு, தான் சேர்த்துப் பிடித்திருந்த மகன்களின் கைகளை மெல்ல விலக்கி, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டைப் பிரித்துக்கொள்ளச் சொல்லி வாழ்த்திவிட்டுப் போகும் ஒரு தாய். அப்போதுதான் 'ஒரே கூரை' என்ற பெயரே நையாண்டி என்று விளங்கியது.

குறை ஒன்று உண்டு. அதற்குப் பிறகு மகன்கள் கட்டிப்பிடித்து அழுது அதே வீட்டில் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். தாய் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கேட்காத பிள்ளைகள். திரைக்கதையின் பலவீனம். அதற்காக அரை நட்சத்திரம் குறைத்துக்கொண்டேன். நான்கரை. நான் இதுவரை யாருக்கும் நான்கரை கொடுத்ததில்லை.

தலைப்பு: "புரட்சித் தாய்". ஆசிரியர் இன்று ஊரில் இல்லை. ஒரு வரியும் வெட்டப்படவில்லை.

ஜூன் 21, சனி

கலியபெருமாளின் தீர்ப்பு: "புளித்த மாவு. 'பிரிச்சிராதீங்கய்யா' என்று தாய் சாகப்போவதை அரங்கில் இருந்தவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். உயிர் போகையில் கை நழுவும் இடத்தில் மட்டும் சொர்ணம்மாள் தெரிகிறார்." இரண்டு நட்சத்திரம்.

பிரிச்சிராதீங்கய்யா என்று கேட்டிருக்கிறது அவருக்கு. பாவம், மனிதருக்குக் காது போய்விட்டது. போனில் கேலி செய்யலாம் என்று நினைத்தேன். வயதானவரை எதற்குப் புண்படுத்துவது என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மெயின்கார்டு கேட் பக்கம் பெரிய சுவரொட்டி. சொர்ணம்மாளின் முகம், கீழே "புரட்சித் தாய் - காவிரி முரசு, நான்கரை நட்சத்திரம்". பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பேருந்துக்காகத்தான்.

அலுவலகத்தில் வாசகர் கடிதம் ஒரு கட்டு. எல்லாம் 'ஒரே கூரை' பற்றி. ஆசிரியர் அதைப் பிரித்துப் படித்துக்கொண்டே முகத்தைக் கவிழ்த்தபடி என்னிடம் ஏதோ சொன்னார். காதலுக்கு ஏதாவது பாருங்கள் என்பதுபோல் இருந்தது.

"காதல் படம் வெள்ளிக்கிழம வருது சார், பாத்துடுறேன்" என்றேன்.

திருவேங்கடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கடிதக் கட்டை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் காதல் படம், 'மழைக்கு முந்தின நாள்'. இருவரும் படம் முழுக்கக் கடலைப் பார்த்து உட்கார்ந்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள். என்ன பேசினார்கள் என்று அவர்களுக்கும் கடலுக்கும்தான் தெரியும். "முகத்தைக் காட்டாமல் காதலிப்பவர்களை நம்பக் கூடாது." ஒன்றரை.

மதியம் அடிதடிப் படம், 'எரிதழல்'. வெளியே வந்தவர்கள் எல்லாரும் காதைக் குடைந்துகொண்டு வந்தார்கள். எனக்கு இதமாக இருந்தது. "தலைவலி தராத முதல் அடிதடிப் படம். வெடிகுண்டுகள் பூப்போல மலர்கின்றன." மூன்று.

'ஒரே கூரை' படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தியேட்டரிலேயே நன்றி விழாவாம். தயாரிப்பாளரே அலுவலகத்துக்குப் போன் செய்து என்னை மேடையில் உட்காரச் சொல்லியிருக்கிறார். ரெஜினாவிடம் பட்டுப் புடவை கட்டச் சொன்னேன். "போகணுமா?" என்று கேட்டாள். புகழ் என்றால் அவளுக்குக் கூச்சம்.

ஜூன் 29, ஞாயிறு

விழா சிறப்பாக நடந்தது.

தயாரிப்பாளர் என் கையில் மைக்கைக் கொடுத்து, "அம்மா பேசுற அந்த வசனத்த உங்க வாயால ஒருதரம் சொல்லுங்க சார்" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொர்ணம்மாளைப் போலவே நிறுத்தி நிதானமாக, "பிரிச்சுக்குங்கய்யா, நல்லாருங்க" என்றேன். அரங்கம் அதிர்ந்தது. இளைஞர்கள் இருக்கையின் மேல் ஏறி நின்று கைதட்டினார்கள். பல்லெல்லாம் தெரிய அத்தனை சந்தோஷம். நான் கைகூப்பி வணங்கினேன். மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும் வணங்கினேன். தயாரிப்பாளர் மைக்கை என்னிடமிருந்து கொஞ்சம் அவசரமாகத்தான் வாங்கினார். அடுத்தவர் கைதட்டல் வாங்குவதைச் சிலரால் தாங்க முடியாது.

இரண்டாவது வரிசையில் ரெஜினா கைதட்டவில்லை. மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் சொர்ணம்மாளும் கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய நடிகை. இன்னொருவர் தன் வசனத்தைச் சொன்னது பிடிக்கவில்லையோ என்னவோ.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வாள்.

ஜூன் 30, திங்கள்

காலையில் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது. கண் எதுவோ கேட்பதுபோல் சுருங்கியது.

"என்ன வெளையாட்டு இது?" என்றேன்.

புத்தகத்தை இறக்கினாள். "மூணு தடவ கேட்டுட்டேன்."

"என்ன கேட்ட?"

"என்னங்க, நேத்து அவங்க எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரியுமா உங்களுக்குன்னு கேட்டேன்."

அவள் உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. மறுபடி புத்தகத்தை உயர்த்தினாள். ஒன்றும் விழவில்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தேன். அதற்கும் சத்தம் இல்லை. அதற்குச் சத்தம் இருந்த காலம் ஒன்று உண்டு என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

காபி ஆறிவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 2, புதன்

'தென்னகச் செய்தி'யில் இன்றைக்கு விழாவைப் பற்றி வந்திருக்கும் என்று பயந்துகொண்டே பிரித்தேன். ஒரு வரி இல்லை. இருபது வருடமாக நானும் கலியபெருமாளும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருக்கிறோம். கையில் இவ்வளவு பெரிய விருந்து கிடைத்தும் தொடாமல் விட்டிருக்கிறார். அவமானத்தில் இதுதான் மோசமான வகை.

சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். ரெஜினா காபி போட உள்ளே போனதும், வலது பக்க முடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கமும் ஒதுக்கினார். அங்கேயும் ஒன்று.

"எப்ப இருந்து?"

"முடி வளக்க ஆரம்பிச்சதுல இருந்து" என்றார். "நான் பெரிய கலைஞன்னு முடி வளத்தேன்னுதானே நெனச்சுக்கிட்டிருந்தீங்க?"

"அப்ப அந்தப் பேய்ப் படத்துக்குப் பஞ்சு கொண்டுபோகச் சொன்னது?"

"அன்னைக்கு மிஷின்ல சத்தத்தக் கூட்டி வச்சிருந்தேன் தாஸ். கொறைக்க மறந்துட்டேன். இன்னும் கொஞ்சம் இருந்தா எனக்கு நெஞ்சே நின்னிருக்கும். பாவம், அந்த டைரக்டரு என்ன பண்ணுவாரு."

திருச்சியில் ஒரு படம் நல்ல படமா கெட்ட படமா என்று இத்தனை நாளாகத் தீர்மானித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ரெஜினா காபியோடு வந்து எங்களை மாறிமாறிப் பார்த்தாள். தில்லைநகரில் அவர் பார்க்கும் டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அந்தப் படத்துக்கு நாலரை ரொம்ப அதிகம்" என்றார். அதை முகத்தைத் திருப்பாமல், நான் பார்க்கும்படி சொன்னார்.

ஜூலை 5, சனி

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவள் கண்டுபிடித்து முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பிறகு பொத்தானுக்கு வேலை அதிகம் இல்லை.

டாக்டர் சின்னப் பெண். ரெஜினாவிடம் படித்தவளாம். "சார், ரெண்டு மூணு வருஷமா நீங்க பாதி காதாலயும் பாதி உதட்டப் பாத்தும்தான் பேச்சப் புரிஞ்சுக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்கே தெரியாமப் பழகிட்டீங்க. நெறயப் பேரு இப்படித்தான்" என்றாள். "உதடு படிக்கிறதுல நல்ல மார்க் குடுக்கலாம் உங்களுக்கு" என்று சிரித்தாள்.

"அதுல மட்டும்தான்" என்றாள் ரெஜினா.

ஜூலை 8, செவ்வாய்

கருவி வந்துவிட்டது. காதில் வைத்ததும் உலகம் முழுவதும் தட்டுமுட்டுச் சாமான்களை உருட்டத் தொடங்கியது. என் செருப்பு பேசுகிறது. பேப்பர் புரட்டினால் தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல் இருக்கிறது. காக்காய்கள் இந்தத் தெருவை விட்டுப் போய்விட்டன என்று நினைத்திருந்தேன். எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

ரெஜினா உள்ளே இருந்து, "என்னங்க, காபி போடவா" என்றாள். இடி விழுந்ததுபோல் இருந்தது.

"எதுக்கு இப்படிக் கத்துற?" என்றேன்.

அவள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். கையில் வடிகட்டி. என்னைப் பார்த்தபடியே நின்றாள். "நான் எப்பவும் பேசுறதுதான்" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

அவள் தொண்டை கட்டியது பள்ளிக்கூடத்தில் இல்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். இழுப்பறையைத் திறந்து கடிதக் கட்டை மேசைமேல் வைத்தார்.

"வாசகர் கேலி பண்ணலாம் அமலதாஸ், அது பரவால்ல. நம்ம பேப்பரே பொய் எழுதுதுன்னு நாலு பேரு எழுதியிருக்காங்க. முதலாளி வரைக்கும் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமப் பேப்பர்ல ஒரு திருத்தம் போடுங்க. இல்லன்னா சினிமாப் பக்கத்த நான் வேற ஆள்கிட்ட குடுக்க வேண்டியதா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கே உங்ககிட்ட காதுக்கு ஏதாவது பாருங்கன்னு சொன்னேன்" என்றார்.

தாழ்த்திய குரலும் கேட்டது. இன்று அதைத் தவிர வேறு நல்ல செய்தி இல்லை.

மதியம் தனியாகப் போய் 'ஒரே கூரை' பார்த்தேன், கருவியோடு. அந்தக் காட்சி வந்தது. "பிரிச்சிராதீங்கய்யா, நல்லாருங்க." சந்தேகமே இல்லை. தெளிவான, இனிமையான, சென்னைக் குரல். சுற்றிலும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் மட்டும் ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் நுழைந்தவன்போல் உட்கார்ந்திருந்தேன். இதற்கா உடம்பு சிலிர்த்தது? கலியபெருமாளின் இரண்டு நட்சத்திரமே தாராளம்.

ஆனாலும் ஏதோ ஒன்று ஒட்டவில்லை. பிரியாதீர்கள் என்று சொல்கிறவள் கைகளை ஏன் விலக்கி வைக்கிறாள்? அது கை நழுவுவது இல்லை. நழுவும் கைக்கு அவ்வளவு கவனம் இருக்காது.

தோற்றவன் இப்படித்தான் காரணம் தேடுவான் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்று புதுப்படம் இல்லை. சாயங்காலம் வாசலில் ஒரு கார் நின்றது. ரெஜினா போய்ப் பார்த்துவிட்டு, "உங்க புரட்சித் தாய் வந்திருக்காங்க" என்றாள்.

சொர்ணம்மாள்தான். வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மணப்பாறைக்குப் போகிற வழியாம். நாற்காலி வேண்டாம் என்று சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அவர் பேசியதும் நான் நிமிர்ந்தேன். கரகரப்பான குரல், ஊர்ப் பேச்சு. திரையில் கேட்டது இந்தக் குரலே இல்லை.

"ஒங்கள ஒரு வார்த்த கேக்கணும்னுதான் வந்தேன் தம்பி. அந்த வசனத்த ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. படத்துல அப்படித்தான் எனக்குக் கேட்டுச்சு. தப்பாக் கேட்டுருக்கேன். ஞாயித்துக்கிழம திருத்தம் போடப்போறேன். ஒங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க."

அவர் தலையை ஆட்டினார். "நீங்க தப்பாக் கேக்கல. படம் புடிக்கிறப்ப நான் பேசுனது அதான். பிரிச்சுக்குங்கய்யா, நல்லாருங்க. டைரக்டரு தம்பி அப்படித்தான் எழுதிக் குடுத்துச்சு. நானும் ரெண்டு மகனப் பெத்தவ தம்பி. ஒரே வீட்டுல அடிச்சுக்கிட்டுக் கெடக்குறதுக்கு, ஆளுக்கொரு பக்கம் நல்லாருந்தாப் போதும்னு நெனச்சு நெனச்சுச் சொல்லாம இருந்தவ. அன்னைக்குத்தான் சொன்னேன். கைய விலக்கி வெச்சது யாரும் சொல்லிக் குடுக்கல, அதுவா வந்துச்சு. லைட்டுப் புடிக்கிறவங்கல்லாம் அழுதாங்க."

"அப்புறம் எப்படிம்மா?" என்றாள் ரெஜினா.

"தயாரிப்பாளரு போட்டுப் பாத்துட்டு, பேரு 'ஒரே கூரை', பெத்தவ பிரிக்கச் சொன்னாப் பொம்பளைங்க படத்துக்கு வருவாங்களான்னாராம். டப்பிங்ல மாத்திட்டாங்க. என் கொரலு கரடுமுரடா இருக்குன்னு வேற பொண்ண வெச்சுப் பேசிட்டாங்க. எனக்குச் சொல்லவும் இல்ல. தியேட்டர்ல ஒக்காந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். வாய் என்னோடது, வார்த்த என்னோடது இல்ல." புடவைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். "மறுநா ஒங்க பேப்பர எம் பேத்தி படிச்சுக் காட்டுனா. அதுல நான் சொன்ன வார்த்த அப்படியே இருந்துச்சு. இத்தன பேரு பாத்த படத்துல நான் பேசுனதக் கேட்டது நீங்க ஒருத்தருதான்."

நான் காதில் இருந்த கருவியைத் தொட்டுக் காட்டினேன். "எனக்குக் காது கேக்காதும்மா."

"தெரியும் தம்பி. மேடையிலயே தெரிஞ்சுது. எல்லாரும் சிரிச்சப்ப நீங்க கும்பிட்டீங்களே."

ரெஜினா அடுக்களைக்குள் போய்விட்டாள். கருவியின் புண்ணியத்தில் அவள் மூக்கை உறிஞ்சுவது இங்கே கேட்டது.

எனக்குள் அதற்குள் தலைப்பே ஓடத் தொடங்கிவிட்டது. 'உதடு சொன்னது ஒன்று, ஒலி சொன்னது ஒன்று.' முதல் பக்கச் செய்தி. ஆசிரியர், முதலாளி, இருக்கைமேல் ஏறிச் சிரித்த இளைஞர்கள் எல்லாருக்கும் ஒரே பதில். சொர்ணம்மாள் என் முகத்தைப் பார்த்தார். முகம் படிக்கிற தொழில் அவருடையது.

"எழுதிடாதீங்க தம்பி. அந்த டைரக்டருக்கு இது ரெண்டாவது படம். இப்பத்தான் அடுத்ததுக்கு அதே தயாரிப்பாளரு சரின்னுருக்காரு. எனக்கும் அதுல வேசம் உண்டு. வெளிய வந்துச்சுன்னா அவன்தான் சொல்லிக் குடுத்தான்னு அந்தப் புள்ள தலையில விழும்."

"அப்ப எதுக்கும்மா எங்கிட்டச் சொன்னீங்க?"

"நீங்க ஒங்க காதையே திட்டிக்கிட்டு இருப்பீங்கன்னு தோணுச்சு" என்றார். வாழைப்பழத்தை ரெஜினா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஜூலை 12, சனி

இரண்டு திருத்தம் எழுதினேன். முதலாவது நன்றாக இருந்தது. அதில் நான் நியாயம் கேட்டிருந்தேன், தமிழ் சினிமாவைத் தலைகீழாகப் புரட்டியிருந்தேன், சொர்ணம்மாளின் பெயரை ஏழெட்டு இடத்தில் சொல்லியிருந்தேன். இருபது வருடத்தில் நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டாவதில் குறை என் காதில் என்று மட்டும் இருந்தது. ரெஜினா இரண்டையும் படித்தாள். திருத்தும்போது முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள்.

"எது போகுது?"

"எது போகணும்?"

"நான் கணக்கு டீச்சர். எங்கிட்ட ஒரே விடைதான் இருக்கும். உங்க பக்கம் போச்சுன்னா போகட்டும், நான் சம்பாதிக்கிறேன்ல. ஆனா நீங்களே முடிவு பண்ணுங்க."

முதலாவதைக் கிழித்துவிட்டேன். கிழிக்கும் சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாது.

ஜூலை 13, ஞாயிறு

வந்துவிட்டது. சினிமாப் பக்கத்தின் கீழே, கட்டம் கட்டி:

"'ஒரே கூரை' விமர்சனத்தில், தாய் தன் மகன்களை வீட்டைப் பிரித்துக்கொள்ளச் சொல்வதாக எழுதியிருந்தோம். படத்தில் ஒலிப்பது 'பிரிச்சிராதீங்கய்யா' என்பதே. குறை விமர்சகரின் செவியில் இருந்தது. அவர் இப்போது கருவி பொருத்தியிருக்கிறார். வாசகர்கள் மன்னிக்கவும். நட்சத்திரங்களில் மாற்றம் இல்லை. - அமலதாஸ்."

நட்சத்திரம் பற்றிய கடைசி வரியை ஆசிரியர் வெட்டப் பார்த்தார். அது ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்றேன். "செவியே போனப்புறம் நாலரை எப்படிய்யா நிக்கும்?" என்று கேட்டார். "நடிப்புக்கு" என்றேன். திருவேங்கடம் பெருமூச்சு விட்டார், தெளிவாகக் கேட்டது. பக்கம் என்னிடமே இருக்கும் என்றார்.

பூசை முடிந்து வரும்போது நான்கு பேர் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்கள். புதுச் சாமியார்கூட, "கட்டம் படிச்சேன் சார்" என்றார். இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியும். அதனால் வணங்கவில்லை. கூடச் சிரித்தேன்.

ஜூலை 17, வியாழன்

'ஒரே கூரை'க்கு இன்று கடைசி நாள். ரெஜினா பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். கல்யாணமானதிலிருந்து நான் கூப்பிட்டால் மட்டும் படத்துக்கு வருபவள். இன்று அவளே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

கூட்டம் கொஞ்சம்தான். எங்களுக்குப் பக்கத்தில் மீன்கூடைப் பையோடு ஒரு பெண்மணி. சண்டைக் காட்சிகளில் மருமகள்களுக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சாவுக் காட்சி நெருங்கியதும் நான் இரண்டு கருவிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தேன். ரெஜினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு ஆள்காட்டி விரலாலும் தன் காதுகளை இறுக்கி அடைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சொர்ணம்மாளின் முகம் திரையை நிறைத்தது. உதடு திறந்தது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கைகள் விலகின. ரெஜினாவின் உதடும் கூடவே அசைந்தது, ஓசையில்லாமல், அதே வார்த்தையாக. பிறகு அவள் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, விரல்கள் காதில் இருந்தன.

பக்கத்துப் பெண்மணி அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே ரெஜினாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் புரிந்தது.

"ஏங்க, அவங்களுக்குக் காது வலியா?"

"இல்லிங்க" என்றேன். "படம் பாக்குறாங்க."